கிறுக்கல் நோட்டில் அகப்பட்ட உருவத்தைப் படப்புத்தகம் வரை கொண்டுபோவது எப்படி?

#1 மைக்கறை

வணக்கம். இந்தப் பகுதியை வெகுநாளாகப் படித்து வருகிறேன், எழுதுவது இதுதான் முதல் தடவை. கொஞ்சம் நீளமான கேள்வி, பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஓவியம் முறையாகப் படித்தவள்தான். ஆனால் ஆசையோடு செய்வதெல்லாம் ஸ்கெட்ச்புக்கில்தான் நடக்கிறது. தாளைப் பார்க்காமல் எதிரே இருக்கும் பொருளை மட்டும் பார்த்துக் கோடு இழுப்பது, பழகாத கையால் வரைவது, மையைச் சொட்டவிட்டுத் தாளை மடித்துப் பிரித்து அந்தக் கறைக்குள் முகம் ஏதாவது தெரிகிறதா என்று தேடுவது. யாருக்கும் காட்ட வேண்டும் என்று வரைந்தவை இல்லை.

அப்படி ஒரு கறையில் ஒரு பிராணி அகப்பட்டது. கீழே கனத்து மேலே ஒடுங்கிய உடம்பு, கழுத்து கிடையாது, குச்சிக் கால்கள் இரண்டு, ஒரு காது நிமிர்ந்தும் இன்னொன்று மடிந்தும் இருக்கும். வலது காலை இழுக்கும்போது பேனாவில் மை நின்றுபோய், முட்டிக்குக் கீழே கோடு துளியூண்டு அறுந்திருக்கிறது. அந்த இடைவெளியால்தான் அது காலைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற மாதிரி தெரிகிறது. இப்போது நோட்டில் எங்கே பார்த்தாலும் அதுதான். பார்க்கிற குழந்தைகள் "இது எங்க ஓடுது?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள்.

அதையே நல்ல வாட்டர்கலர் தாளில் பென்சிலால் திருத்தமாக வரைந்து, மேலே மை போட்டால் உயிர் போய்விடுகிறது. இடைவெளியை அதே இடத்தில் விட்டால் அச்சில் விட்டுப்போனது போல இருக்கிறது.

கிறுக்கலின் துள்ளல் குறையாமல் முடித்த படம் வரைய என்ன வழி? அப்புறம், கையில் ஒரே ஒரு உருவம் மட்டும் இருக்கிறது. அங்கிருந்து புத்தகம் வரை போக நடுவில் என்னென்ன செய்ய வேண்டும்?

#2 தூரிகைவால்

எதற்கு என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். யாரும் பார்க்கப்போவதில்லை என்ற தைரியத்தில்தான் அந்தக் கோடு அப்படி விழுந்தது. "இதை வெளியிடலாமே" என்ற நினைப்பு வந்த நிமிடமே நோட்டு கண்காட்சி ஆகிவிடும். சமூக ஊடகத்தில் ஸ்கெட்ச்புக்கைப் புரட்டிக் காட்டுகிறவர்களைப் பாருங்கள், ஒரு பக்கத்தில்கூட அசிங்கமான படம் இருக்காது. அப்படிப்பட்ட நோட்டில் யாரும் எதையும் முயன்று பார்க்கவில்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

பிராணி நோட்டிலேயே ஓடட்டும்.

#3 பக்கம்32

தூரிகைவால் சொல்வதில் நோட்டைப் பற்றிய பாதி சரி. மீதிப் பாதிக்குத்தான் இந்தப் பதில்.

கறையில் உருவம் தேடுவது பழைய விளையாட்டு. 18ஆம் நூற்றாண்டில் அலெக்சாண்டர் கோசன்ஸ் என்ற ஆங்கில ஓவியர், மைக்கறையிலிருந்து நிலக்காட்சி உண்டாக்குவதை ஒரு பயிற்சி முறையாகவே சொல்லிக்கொடுத்தார். அடுத்த நூற்றாண்டில் யுஸ்டினஸ் கெர்னர் என்ற ஜெர்மன் கவிஞர், பார்வை மங்கிய முதிய வயதில், சிந்திய மையை மடித்து வந்த உருவங்களுக்குக் கண்ணும் காலும் வைத்துப் பக்கத்திலேயே கவிதை எழுதினார். மைக்கறையைக் காட்டி மனதை அறியும் ரோர்ஷாக் சோதனையெல்லாம் அதற்கு வெகு பின்னால் வந்தது.

குழந்தைகள் புத்தகத்துக்கு வந்தால், பின்லாந்து எழுத்தாளரும் ஓவியருமான டூவே யான்சன். அவருடைய புகழ்பெற்ற பாத்திரமான மூமின் தொடக்கத்தில் எந்தக் கதையிலும் இல்லை. 'கார்ம்' என்ற நையாண்டிப் பத்திரிகையில் அவர் வரைந்த கார்ட்டூன்களில், கையெழுத்தோடு ஓரமாக நின்றுகொண்டிருந்த சின்ன உருவம் அது. அப்போது ஒல்லியாக, நீண்ட மூக்கோடு இருந்தது. முதல் புத்தகம் வந்தது 1945இல். எல்லோருக்கும் தெரிந்த அந்தக் குண்டு உருவம் அதற்கப்புறம் போகப் போக வந்ததுதான். உங்கள் பிராணியும் மாறும், மாறட்டும்.

இப்போது செத்துப்போகிற கோட்டுக்கு வருகிறேன். நோட்டில் வரைந்தபோது உங்கள் மனம் காலைத் துரத்தியது, கை பின்னால் ஓடியது. நல்ல தாளில் மை போடும்போது மனம் பென்சில் கோட்டைத் துரத்துகிறது. கால் அங்கே இல்லவே இல்லை. வேகம் குறைகிறது, அழுத்தம் ஒரே சீராகிறது, வளைவுகள் எல்லாம் வழவழவென்று வருகின்றன. பேனாவை மாற்றினாலோ தாளை மாற்றினாலோ இது சரியாகாது.

ஆங்கிலப் படப்புத்தக ஓவியர் க்வென்டின் பிளேக்கின் முறை இதற்கு நல்ல வழி. வேகமாக ஒரு முரட்டு வரைவு போட்டு அதை லைட் பாக்ஸில் (அடியில் விளக்கு எரியும் கண்ணாடிப் பலகை) வைப்பார். அதன்மேல் வாட்டர்கலர் தாளைப் போட்டு, கரகரவென்று கீறும் நிப்பால் புதிதாக வரைவார். அடியில் இருப்பது மங்கலாகத்தான் தெரியும், அவரும் அதைப் பிரதி எடுப்பதில்லை. ஆள் எங்கே நிற்கிறார், கை எவ்வளவு தூரம் நீள்கிறது என்ற இடக்கணக்குக்கு மட்டும் அது போதும். கோடு மேல் தாளில் புதிதாகப் பிறக்கிறது. தடிமனான தாள் வைத்துப் பாருங்கள். அடியில் இருப்பது நன்றாகத் தெரிந்தால் கை தானாகப் பிரதி எடுக்கத் தொடங்கிவிடும்.

இன்னொன்றும் செய்யலாம். ஒரே படத்தை அடுத்தடுத்து நிறையத் தாள்களில் நிற்காமல் வரையுங்கள், தேர்ந்தெடுப்பதை மறுநாள் வைத்துக்கொள்ளுங்கள். மலிவான தாளாக இருந்தால் இன்னும் நல்லது. விலை உயர்ந்த தாளைக் கண்டால் கைக்கு மரியாதை வந்துவிடுகிறது.

அந்த அறுந்த கோட்டை மறந்துவிடுங்கள். அது அந்தக் கணத்தோடு போயிற்று. வேறு இடத்தில் வேறு மாதிரி அறும், அப்போது பிடித்துக்கொள்ளுங்கள்.

ஒரு சோதனை சொல்கிறேன். மூல நோட்டை மூடி வைத்துவிட்டு அந்தப் பிராணி உட்கார்வது, தூங்குவது, முதுகைக் காட்டி நிற்பது, மேலே ஏறுவது, தன்னைவிடப் பெரிய ஒன்றைக் கட்டிப்பிடிப்பது என்று வரையுங்கள். அப்புறம் பக்கத்தின் மூலையில் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒன்று. எல்லாவற்றிலும் அதுதான் என்று வேறு யாராவது அடையாளம் கண்டால் உங்களிடம் ஒரு பாத்திரம் இருக்கிறது. இல்லையென்றால் இருப்பது ஒரு நல்ல படம் மட்டும்.

#4 காகிதக்கப்பல்

இடையில் ஒரு கேள்வி. எனக்கு ஒவ்வொரு நோட்டிலும் ஒவ்வொரு மாதிரி வருகிறது. ஸ்டைல் அமையாமல் குழந்தைகள் புத்தகத்துக்குப் போக முடியுமா?

#5 பக்கம்32

ஒரு புத்தகத்துக்குள் ஒரே மாதிரி இருந்தால் போதும், வாழ்நாள் முழுக்க இருக்க வேண்டியதில்லை. அடுத்த புத்தகத்தில் கத்தரித்து ஒட்டலாம், அதற்கடுத்ததில் கரி. ஸ்டைல் என்று தேடிப் போகிறவர்கள் பெரும்பாலும் வேறு யாரோ ஒருவருடைய கண்ணையும் மூக்கையும்தான் தூக்கிக்கொண்டு வருகிறார்கள்.

#6 நீலப்பென்சில்

படப்புத்தகங்களுக்கு எடிட்டராக இருக்கிறேன். மேசைக்கு இந்தப் பக்கத்திலிருந்து கொஞ்சம் சொல்கிறேன்.

ஓவியர்கள் வேலை கேட்டு அனுப்பும் போர்ட்ஃபோலியோக்களில் (படத் தொகுப்புகளில்) அழகான தனிப்படங்கள் ஏராளமாக வருகின்றன. பாத்திரம் நேராக நின்று நம்மைப் பார்த்துச் சிரிக்கும். கைகள் முதுகுக்குப் பின்னாலோ பாக்கெட்டிலோ இருக்கும் (கை வரைய வராது என்று அர்த்தம், எல்லா எடிட்டர்களுக்கும் இது தெரியும்). பின்னணியில் இலை தழைகள். இதை வைத்து இவரால் ஒரு புத்தகத்தைத் தாங்க முடியுமா என்று என்னால் சொல்ல முடியாது.

நான் தேடுவது ஒரே பாத்திரம் வரும் மூன்று நான்கு தொடர்ச்சியான படங்களை. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவில் ஏதாவது நடந்திருக்க வேண்டும், அது எனக்குச் சொல்லாமலே புரிய வேண்டும். பயம், பயத்தை மறைப்பது, மறைக்க முடியாமல் போவது. இதை முகத்தை மட்டும் வைத்துக் காட்டுகிறவர்களைவிட தோளையும் முதுகையும் வைத்துக் காட்டுகிறவர்களை நான் முதலில் கூப்பிடுவேன். மைக்கறையின் பிராணிக்குக் கழுத்தும் இல்லை, வாய் இருக்கிறதா என்றும் தெரியவில்லை. அது குறையே இல்லை. அந்த இரண்டு காதுகள் அந்த வேலையைச் செய்யும்.

அடுத்து, எழுத்து சொன்னதைப் படம் திருப்பிச் சொல்லக் கூடாது. "மழை பெய்தது, அது குடைக்குள் ஒதுங்கியது" என்று எழுத்தில் இருந்து, படத்திலும் மழையும் குடையும் மட்டுமே இருந்தால் இரண்டில் ஒன்று வீண். குடைக்குள் ஏற்கெனவே வேறு யாரோ நனைந்துபோய் உட்கார்ந்திருந்தால் குழந்தைக்குப் பெரியவரைவிட ஒரு விஷயம் கூடுதலாகத் தெரிந்துவிடும். பெரியவர் எழுத்தைப் படித்துக்கொண்டிருக்கும்போது குழந்தை படத்தைத்தான் படித்துக்கொண்டிருக்கிறது, அதுவும் பொறுமையாக. நான்காம் பக்கத்தில் சட்டைக்கு மூன்று பொத்தான், ஒன்பதாம் பக்கத்தில் நான்கு என்றால் கண்டுபிடித்துவிடும்.

இன்னொரு தகவல், நிறையப் பேருக்குத் தெரிவதில்லை. படம் வரைய மட்டும் விருப்பம் என்றால் நீங்கள் எழுத்தாளரைத் தேடி அலைய வேண்டாம். கதையை ஒருவரிடம் வாங்கிக்கொண்டு, அதற்கு ஓவியரை நாங்களே தேடுவதுதான் பொதுவான வழக்கம். பல சமயம் இருவரும் நேரில் பேசிக்கொள்வதுகூட இல்லை, எல்லாம் எடிட்டர் வழியாகவே போகும். அது நல்லதுக்குத்தான்.

#7 தூரிகைவால்

இதையெல்லாம் படித்தால் என் சந்தேகம் கூடத்தான் செய்கிறது. பொத்தானை எண்ணுவது, எழுத்துக்கு இடம் விடுவது, 32 பக்கத்துக்குள் அடைப்பது. இவ்வளவு கட்டுப்பாட்டில் எந்தக் கிறுக்கல் பிழைக்கும்? அதுவும் ஏன் எல்லாப் புத்தகமும் 32 பக்கம்? கதை என்ன அளவு எடுத்தா பிறக்கிறது?

#8 அச்சுமை

32க்கு நான் பதில் சொல்கிறேன், அது எங்கள் அச்சக ஆட்கள் செய்த வேலை.

பெரிய தாளின் ஒவ்வொரு புறத்திலும் 8 பக்கங்களை அடுக்கி, இரண்டு புறமும் அச்சிட்டு மடித்தால் 16 பக்கம் கொண்ட ஒரு ஃபாரம். இரண்டு ஃபாரம் சேர்ந்தால் 32. தாள் வீணாகாது, தைக்கச் சுலபம். 24, 40, 48 என்றும் வருகின்றன, 32தான் அதிகம். அதில் தலைப்புப் பக்கம், பதிப்புரிமைப் பக்கம் எல்லாம் போனால் கதைக்குக் கிடைப்பது சுமார் 12 முதல் 14 இரட்டைப் பக்கங்கள் (விரித்தால் எதிரெதிரே தெரியும் இரண்டு பக்கம்).

மைக்கறைக்குச் சில விஷயங்கள், வரையும் முன்பே தெரிந்தால் பின்னால் அழ வேண்டியிருக்காது.

நடுமடிப்பில் முகத்தை வைக்காதீர்கள். கண்ணை வைக்கவே வைக்காதீர்கள். தைத்த புத்தகம் ஓரளவு விரியும், பசை போட்டு ஒட்டிய புத்தகம் நடுவில் கணிசமாக விழுங்கிவிடும். ஓரம் வரை நிறம் போகும் படம் என்றால் வெட்டும் கோட்டுக்கு வெளியே 3 மி.மீ. கூடுதலாக வரைந்திருக்க வேண்டும். தாளின் விளிம்பு வரை வரைந்துவிட்டு "கொஞ்சம் நீட்டிக்கொள்ளுங்கள்" என்று கொடுத்தால் நீட்டுவது நானாக இருப்பேன். நான் ஓவியன் இல்லை.

ஸ்கேன்: அச்சாகும் அளவில் வண்ணப் படத்துக்கு 300 டிபிஐ (ஓர் அங்குலத்தில் இத்தனை புள்ளி). வெறும் கறுப்புக் கோடு என்றால் 600க்குக் குறையாமல், 1200 என்றால் இன்னும் நல்லது. கோடு தனியாகவும் நிறம் தனியாகவும் இரண்டு தாளில் வரைந்து கணினியில் ஒன்று சேர்த்தால் எனக்கு மகிழ்ச்சி. ஏனென்றால் ஸ்கேன் செய்த கறுப்பு மையை அப்படியே மாற்றினால் அது அச்சின் நான்கு மைகளும் (நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு) கலந்த கறுப்பாகிவிடும். ஒவ்வொரு மைக்கும் தனித் தகடு. அச்சில் ஒரு தகடு இம்மியளவு நகர்ந்தாலும் உங்கள் மெல்லிய கோட்டின் ஓரத்தில் சிவப்போ நீலமோ எட்டிப்பார்க்கும். கோடு தனி அடுக்காக இருந்தால் அதைக் கறுப்புத் தகட்டில் மட்டும் போட்டுவிடலாம்.

நிறம்: திரையில் மின்னும் பச்சையும் ஊதாவும் ஆரஞ்சும் நான்கு நிற அச்சில் மங்கும். ஒளிரும் மார்க்கர் நிறங்கள் வரவே வராது, வேண்டுமென்றால் ஐந்தாவதாகத் தனி மை போட வேண்டும், பதிப்பாளர் முகம் சுளிப்பார்.

இன்னொன்று. புத்தகம் பல மொழிகளில் போக வாய்ப்பிருந்தால் எழுத்தைக் கறுப்பில் மட்டும் வையுங்கள், கையால் படத்துக்குள் எழுதாதீர்கள். எல்லா மொழிக்கும் படத்தை ஒன்றாக ஓட்டிவிட்டுக் கறுப்புத் தகட்டை மட்டும் மாற்றுவார்கள். அடர்ந்த நிறத்தின்மேல் வெள்ளை எழுத்து வைத்தால் நான்கு தகடும் மாற வேண்டும். மொழிக்கு மொழி வாக்கியத்தின் நீளமும் மாறும், அதனால் எழுத்துக்கு விடும் இடத்தைத் தாராளமாக விடுங்கள்.

#9 பக்கம்32

தூரிகைவால், கட்டுப்பாடு கிறுக்கலைக் கொல்லும் என்கிறீர்கள். அமெரிக்கப் படப்புத்தக ஓவியர் மோரிஸ் செண்டாக்கை எடுத்துக்கொள்வோம். 1963இல் வந்த அவருடைய 'வேர் தி வைல்ட் திங்ஸ் ஆர்' புத்தகத்தின் முதல் யோசனையில் காட்டு விலங்குகளே கிடையாது, காட்டுக் குதிரைகள்தான் இருந்தன. அவருக்குக் குதிரை வரைய வரவில்லை. அதனால் குதிரைகள் போய், எந்த உடற்கூறுக்கும் பதில் சொல்ல வேண்டாத 'திங்ஸ்', அதாவது ஏதோ சில பிராணிகள், வந்தன. உங்கள் மைக்கறைப் பிராணியும் அந்த வம்சம்தான், அதற்கு முட்டி எந்தப் பக்கம் மடியும் என்று யாரும் சண்டைக்கு வர மாட்டார்கள்.

அதைவிட முக்கியம் பக்கங்களை அவர் கையாண்ட விதம். தொடக்கத்தில் சின்னப் படம், சுற்றிலும் வெள்ளை. கதையில் வரும் பையனின் கற்பனை விரிய விரியப் படமும் பெரிதாகிக்கொண்டே போய் வெள்ளையை விழுங்குகிறது. ஆட்டம் உச்சத்தில் இருக்கும்போது எழுத்தே இல்லாமல் மூன்று இரட்டைப் பக்கங்கள். வீட்டுக்குத் திரும்பும்போது படம் மறுபடியும் சுருங்குகிறது. கடைசிப் பக்கத்தில் படமே கிடையாது, எழுத்து மட்டும். இதைத் தனிப்படங்களாகச் சுவரில் மாட்டினால் பாதி போய்விடும். பக்கம் திரும்புவதை வைத்துச் செய்த வேலை அது.

ஆகவே மைக்கறை, முடித்த படம் எதையும் இப்போது தொடாதீர்கள். அடுத்த வேலை தம்ப்நெயில். ஒரே தாளில் 32 பக்கங்களையும் சின்னச் சின்னக் கட்டங்களாகப் போட்டு, தீப்பெட்டி அளவுக்குள் வரையுங்கள். அந்த அளவில் பொத்தான் வரைய முடியாது, இலை வரைய முடியாது. பெரியது எது, சின்னது எது, எந்தப் பக்கம் பார்த்து ஓடுகிறது, எங்கே வெற்றிடம் என்பது மட்டும்தான் தெரியும். வலது பக்கத்தின் முடிவில் ஒரு கேள்வியை வைத்து, பக்கத்தைத் திருப்பினால் பதில் கிடைக்கிற மாதிரி அடுக்குங்கள். அப்புறம் தாளை வெட்டி மடித்து நடுவில் பின் அடித்து ஒரு டம்மி (மாதிரிப் புத்தகம்) செய்யுங்கள். கையில் புரட்டினால்தான் எங்கே தொய்கிறது என்று தெரியும்.

தூரிகைவாலுக்கு என் பதிலும் இதுதான். தம்ப்நெயிலும் டம்மியும் கிறுக்கல்தான், யாருக்கும் காட்ட வேண்டாத கிறுக்கல். எத்தனை கிழித்துப் போட்டாலும் கேட்க ஆளில்லை.

#10 மைக்கறை

எல்லோருக்கும் நன்றி. பக்கம்32 சொன்ன சோதனையைச் செய்து பார்த்தேன். நான் எது முக்கியம் என்று நினைத்தேனோ அது முக்கியமில்லை. குச்சிக் காலை மாற்றினாலும் அடையாளம் தெரிகிறது. காதுகளும், உடம்பு தரையில் கனமாக உட்காருகிற விதமும் போனால்தான் அது வேறு ஏதோவாகிவிடுகிறது. முதுகைக் காட்டி நிற்கும் படம்தான் எல்லாவற்றிலும் நன்றாக வந்திருக்கிறது, எனக்கே ஆச்சரியம்.

இப்போது மாட்டிக்கொண்டிருப்பது கதையில். பிராணி ஓடுகிறது. ஏன் ஓடுகிறது என்று எனக்குத் தெரியவில்லை. எழுதத் தெரிந்த யாரிடமாவது கொடுத்துவிடலாமா, அல்லது நானே எழுத வேண்டுமா?

#11 தூரிகைவால்

ஏன் ஓடுகிறது என்று குழந்தைகளிடம் கேட்டீர்களா? அவர்கள்தானே முதலில் "எங்க ஓடுது" என்று கேட்டவர்கள்?

(நான் இன்னும் எதிர்க்கட்சிதான். பின் அடித்த டம்மி மட்டும் பிடித்திருக்கிறது.)

#12 நீலப்பென்சில்

எதிர்க்கட்சி சொல்வதை வழிமொழிகிறேன்.

படப்புத்தகக் கதைகள் நிறைய ஒரு குறிப்பிட்ட குழந்தைக்காகச் சொல்லப்பட்டவை. ஆங்கில எழுத்தாளர் பியாட்ரிக்ஸ் பாட்டர் 1893இல், உடம்பு சரியில்லாமல் படுத்திருந்த ஒரு சிறுவனுக்கு எழுதிய படக்கடிதம்தான் பீட்டர் ராபிட் என்ற முயல் கதை. சில ஆண்டுகள் கழித்து அந்தக் கடிதத்தை இரவல் வாங்கித்தான் புத்தகமாக்கினார். பதிப்பாளர்கள் மறுத்ததால் 1901 டிசம்பரில் சொந்தச் செலவில் 250 பிரதி போட்டார். 1902இல் ஃப்ரெடரிக் வார்ன் நிறுவனம் வண்ணத்தில் வெளியிட்டது. லியோ லியோனி என்ற ஓவியர் ரயிலில் பேரக்குழந்தைகளைச் சமாளிக்க ஒரு பத்திரிகையைக் கிழித்து நீலத் துண்டும் மஞ்சள் துண்டுமாகக் கதை சொன்னார். 1959இல் அது அவருடைய முதல் படப்புத்தகமானது. இரண்டு பேரும் வரையத் தெரிந்தவர்கள். ஆனால் அந்தக் கணத்தில் எதிரே இருந்த குழந்தையின் கவனத்தை இழக்காமல் இருப்பதுதான் அவர்களுக்கு வேலையாக இருந்தது.

உருவம்கூட நடுவில் மாறலாம். படப்புத்தக ஓவியர் எரிக் கார்ல் தாள்களில் துளை போடும் கருவியை வைத்து விளையாடும்போது வந்தது ஒரு புத்தகப் புழுவின் கதை. அதைக் கம்பளிப்பூச்சியாக மாற்றலாமா என்று கேட்டவர் அவருடைய எடிட்டர் ஆன் பெனடூஸ். அதுதான் உலகம் முழுக்கப் பிரபலமான 'தி வெரி ஹங்கிரி கேட்டர்பில்லர்'. எடிட்டர்களைப் பற்றி நாலு பேர் நல்லதாகச் சொல்ல இந்த ஒரு கதைதான் எங்களிடம் இருக்கிறது, அதனால் எங்கே போனாலும் சொல்லிவிடுவேன்.

உங்கள் கேள்விக்கு நேரான பதில்: முதலில் சொற்களே இல்லாமல் டம்மி செய்யுங்கள். படத்தால் சொல்ல முடியாமல் நிற்கும் இடங்களில் மட்டும் ஒரு வாக்கியம் போடுங்கள். மொத்தம் ஒரு பக்கம்கூட வராது. அதற்குத் தனி எழுத்தாளர் தேவையா என்று அப்போது உங்களுக்கே தெரிந்துவிடும்.

#13 காகிதக்கப்பல்

ஒப்பந்தம் பற்றி யாராவது ஒரு வார்த்தை சொன்னால் எனக்கும் உதவும்.

#14 பக்கம்32

பொதுவாக இரண்டு வகை. ஒன்று மொத்தமாக ஒரு தொகை கொடுத்து முடித்துக்கொள்வது. இன்னொன்று முன்பணமும் ராயல்டியும் (விற்பனையில் ஒரு பங்கு), ராயல்டி அந்த முன்பணத்தைத் தாண்டிய பிறகுதான் மேற்கொண்டு பணம் வரும். கதையும் படமும் வேறு வேறு ஆட்களுடையது என்றால் ராயல்டி பிரியும். நீங்கள் எழுதிக்கொடுப்பது முழுக் காப்புரிமையா, குறிப்பிட்ட காலத்துக்கும் மொழிக்கும் பயன்படுத்தும் உரிமம் மட்டுமா என்று பாருங்கள். பொம்மை, சட்டை, அனிமேஷன் எல்லாம் தனி உரிமைகள், "மற்ற எல்லா வடிவங்களும்" என்று ஒரு வரியில் போய்விடக் கூடாது. மூல ஓவியத் தாள் யாருக்குச் சொந்தம் என்பது காப்புரிமையிலிருந்து வேறு விஷயம், அதையும் எழுதி வாங்குங்கள். எத்தனை முறை திருத்தச் சொல்லலாம் என்பதற்கும் ஒரு எண் வேண்டும்.

கையெழுத்துப் போடும் முன் விவரம் தெரிந்த ஒரு வழக்கறிஞரிடம் காட்டுவது நல்லது.

#15 மைக்கறை

டம்மி செய்துவிட்டேன். சொற்கள் இல்லை. குழந்தைகள் சொன்ன பதிலையே எடுத்துக்கொண்டேன்: அது ஓடுவது தன் காது மடிந்திருப்பதை யாரும் பார்த்துவிடக் கூடாது என்று. அதனால் எந்தப் பக்கத்திலும் நிற்பதில்லை, எல்லோரும் முழுசாகப் பார்க்கும் முன் பக்கத்தை விட்டு ஓடிவிடுகிறது. ஆரம்பப் பக்கங்களில் வெறும் கால், வால் நுனி, நிழல். முதன்முதலாக அது முழுதாகத் தெரிவது 14-15இல், இரட்டைப் பக்கம் முழுக்க, ஒரு சுவரில் முட்டிக்கொண்டு நிற்கிறது. லைட் பாக்ஸில் தடித்த தாள் வைத்து அந்தப் படத்தை மட்டும் வரைந்து பார்த்தேன். கோடு இந்த முறை காதின் மடிப்பில் அறுந்திருக்கிறது, அப்படியே விட்டுவிட்டேன்.

படங்களை இணைத்திருக்கிறேன். புத்தகத்தின் முன் உள்ளட்டையிலும் பின் உள்ளட்டையிலும் வெறும் மைக்கறைகளை வைக்கலாமா என்று யோசனை.

#16 அச்சுமை

14-15இல் சுவர் சரியாக நடுமடிப்பில் வருகிறது, அது பிரமாதம், மடிப்பே சுவராகிவிட்டது. ஆனால் மூக்கு மடிப்புக்குள் போகிறது. பிராணியை இடது பக்கமாக ஒரு விரல்கடை தள்ளுங்கள். முட்டுவது தெரியும், மூக்கும் பிழைக்கும்.

உள்ளட்டைக்குக் கறை அருமையாக இருக்கும். ஒரே நிறம் என்றால் அச்சுச் செலவும் குறைவு. நீரில் கரைந்த மெல்லிய சாம்பல் பகுதிகளைச் சாம்பல் அளவிலேயே ஸ்கேன் செய்யுங்கள், வெறும் கறுப்பு வெள்ளையாக எடுத்தால் ஓரமெல்லாம் பல் பல்லாக வரும்.

#17 தூரிகைவால்

முன் உள்ளட்டையில் வெறும் கறைகள், பின் உள்ளட்டையில் அதே கறைகளுக்குக் கண்ணும் காதும். வரைவது நீங்கள் வேண்டாம், அந்தக் குழந்தைகளிடமே தாளைக் கொடுங்கள்.

#18 நீலப்பென்சில்

தூரிகைவால் கட்சி மாறிவிட்டார் என்று பதிவு செய்துகொள்கிறேன். நல்ல யோசனைதான், ஆனால் குழந்தைகள் வரைந்ததை அச்சிடுவதென்றால் பெற்றோரிடம் எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும்.

20-21 முதல் 24-25 வரை மூன்று இரட்டைப் பக்கங்களிலும் பிராணி ஒரே அளவில், ஒரே திசையில் ஓடுகிறது. அங்கே தொய்கிறது. ஒன்றில் தூரத்தில் புள்ளியாக்குங்கள், அல்லது ஒன்றை எடுத்துவிட்டு அந்த இடத்தைச் சுவர் காட்சிக்குப் பிறகு ஒரு மௌனப் பக்கத்துக்குக் கொடுங்கள். காது எப்போது மற்றவர்களுக்குத் தெரிகிறது என்ற பக்கம் இன்னும் முன்னால் வர வேண்டும், 28இல் வந்தால் அதற்கப்புறம் மூச்சுவிட இடமில்லை.

பதிப்பாளர்களுக்கு அனுப்பும்போது முழு டம்மியும் முரட்டு வரைவிலேயே இருக்கட்டும். அதோடு இரண்டு இரட்டைப் பக்கம் மட்டும் முடித்த நிலையில்: சுவர் காட்சி ஒன்று, அமைதியான பக்கம் ஒன்று. மின்னஞ்சலில் போகிற அளவுக்குச் சின்ன பிடிஎஃப், ஒவ்வொரு பக்கத்திலும் எண். மூல ஓவியத்தை யாருக்கும் தபாலில் அனுப்பாதீர்கள். கோப்புக்குப் பெயர் வைக்கும்போது 'இறுதி' என்று மட்டும் போட வேண்டாம், எப்படியும் நான்கு தடவை மாற்றச் சொல்வோம்.